இரண்டு ழான் பத்தீஸ்துகள்

சான்சூசி என்ற மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது என்று வெரோனிக் கேட்டிருக்கவே வேண்டாம்.

மாப்பிள்ளை பசீலும் அவனை வளர்த்த பெரியப்பா ஒனெசிமும் உறைந்த ஆற்றின்மேல் சறுக்குவண்டியில் வந்து, பட்டாணி சூப்புக்கு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் பூசையில் முதல் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும்.

"பட்டாளத்துல வச்ச பேரும்மா. கவலையில்லாதவன்னு அர்த்தம்," என்றார் ஒனெசிம். "பிரான்சுலேர்ந்து வந்த எங்க வம்சத்து முதல் பாட்டனோட நிஜப் பேரு ரூத்தியே. இடது கையில ரெண்டு விரல் கிடையாது."

வெரோனிக்கின் அப்பா ஜெர்வே கரண்டியைக் கீழே வைத்தார். அவரும் ரூத்தியேதான். அவருடைய வம்சத்து முதல் பாட்டனுக்கும் இடது கையில் இரண்டு விரல் கிடையாது.

அந்த ஒரே பாட்டனின் ஒரு மகன் சொந்தப் பெயரோடு இங்கேயே இருந்துவிட்டான். ஆற்றைத் தாண்டிப் போனவன் பட்டப்பெயரை எடுத்துக்கொண்டான். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் நடந்த கதைதான்.

"அட, பங்காளிங்களா நாம? முன்னாலயே தெரிஞ்சிருந்தா நிலத்துல பாதி கேட்டிருப்பேனே," என்றார் ஒனெசிம். யாரும் சிரிக்கவில்லை.

நாலு தலைமுறைக்குள் என்றால் கோயில் ஒப்பாது. பிஷப்பிடம் விலக்கு வாங்கலாம்தான். ஆனால் பங்காளி ரத்தத்தில் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஜெர்வே அறுத்துச் சொல்லிவிட்டார். ஐந்து என்றால் தாராளமாகக் கட்டலாம். அக்கரைப் பதிவுகள் பழைய கோயிலோடு எரிந்துபோயிருந்ததால், நினைவிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஜெர்வே தம் பக்கத்தை எண்ணினார். வெரோனிக் நாலாவது. இரண்டில் நீளமான பக்கம்தான் கணக்கு என்பதால், இனி பசீலின் பக்கம்.

அவளால் உட்கார முடியவில்லை. அடுப்பில் விறகு போட்டாள், போட்டதையே மறுபடி கிளறினாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டாயே என்று அம்மா அவள் காதில் கடிந்தாள். கவலையில்லாதவன் என்று பெயர் வைத்த தளபதி அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஒனெசிம் கண்ணை மூடி, ஜெபம் சொல்வதுபோல் ஆரம்பித்தார். பாட்டனின் மகன் ழான் பத்தீஸ்த், அடுத்து ழான் பத்தீஸ்த், அடுத்து எத்தியேன், பசீலின் அப்பா, பசீல்.

ஐந்து.

ஜெர்வே பிராந்தி எடுக்கப் போனார். உன் வேண்டுதல் வீண்போகவில்லை என்று அம்மா பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.

வெரோனிக் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, செத்த பிள்ளையோட பேரையே அடுத்த பிள்ளைக்கும் வைக்கிறது நம்ம வழக்கமாச்சே. அந்த ரெண்டு ழான் பத்தீஸ்தும் அப்பாவும் மகனுமா, அண்ணனும் தம்பியுமா?"

அம்மாவின் கை கன்னத்திலிருந்து விலகியது. முதல் கேள்வியையும் இவள் தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள்.

ஒனெசிம் தாடியைச் சொறிந்தார். அந்த இருவரையும் அவர் பார்த்ததில்லை.

பசீல் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். ஆசையோடுதான் வந்திருந்தான், பாவம். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"அண்ணன் தம்பிதான், பெரியப்பா. மூத்தது தொட்டில்லயே போயிடுச்சுன்னு எங்கப்பா எங்கிட்டச் சொல்லியிருக்காரு. அப்போ நாலுதான்."

ஜெர்வே பாட்டிலை மறுபடி அலமாரியில் வைத்தார்.

ஒனெசிம் தம்பி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவருடைய தம்பி, பசீலின் அப்பா, ஆற்றில் மூழ்கி இறந்தபோது பசீல் பிறந்திருக்கவில்லை.