பெட்டியோடு போட்டி

பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் எண்டோஸ்கோப்பிக் குழாயைக் கையில் எடுத்தார். எரிந்தது. எதிரி விழித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

எதிரி என்றால் வேறு யாருமில்லை, திரைக்குப் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டிதான். வயிற்றுக்குள் சந்தேகப்படும்படி எதையாவது கண்டால் திரையில் அந்த இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, 'கீ கீ' என்று கத்துவது அதன் வேலை. அதை வாங்கச் சொல்லி நிர்வாகத்தை நச்சரித்தவள் டாக்டரின் சொந்த மனைவி. அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தள லேபில், இவர் கிள்ளி அனுப்பும் சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்கிறவள்.

"இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறம் எனக்கு ஒரு டப்பா வாத்தியாரா?" என்று அன்றைக்கே வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். குழாய் உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. நோயாளிகளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை. இவர் 'வெறும் வாயு' என்று அனுப்பிவைத்த ஒருவர் மறுவருஷமே முற்றிய புற்றுநோயோடு திரும்பி வந்தார். அப்போது அவரிடமிருந்து கிள்ளிய துணுக்கு அவள் மேஜைக்குத்தான் போனது. அதைப் பற்றி வீட்டில் இருவரும் பேசுவதில்லை.

பெட்டி வந்த புதிதில் நுரையைக் கண்டாலும் கத்தியது, எச்சிலைக் கண்டாலும் கத்தியது. கொஞ்ச நாளாக வாயைத் திறப்பதில்லை. "பாத்தீங்களா சிஸ்டர், என்னைப் பாத்து அடக்கமா இருக்கக் கத்துக்கிச்சு" என்று டாக்டர் பெருமைப்பட்டுக்கொண்டார். முகக்கவசத்துக்குள் சிஸ்டர் என்ன முகம் காட்டினாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் மனைவி விடுவதாக இல்லை. தட்டை வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இன்னைக்குப் பெட்டி முந்துச்சா, நீங்க முந்துனீங்களா?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிட்டது.

அன்றைக்குக் கட்டிலில் இடதுபுறமாகச் சாய்ந்து படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். "வெறும் நெஞ்செரிச்சல்தான் டாக்டர். நீங்க சட்டுனு முடிச்சிடுவீங்கன்னு சொன்னாங்க."

"அது அப்ப. இப்பல்லாம் எல்லா ஸ்டாப்லயும் நின்னுதான் போகும்" என்றபடி டாக்டர் குழாயை உள்ளே செலுத்தினார்.

தண்ணீரைப் பீய்ச்சி நுரையைக் கழுவினார். உணவுக்குழாய் சுத்தம், இரைப்பையும் பார்த்தவரை சுத்தம். பழைய எக்ஸ்பிரஸாக இருந்தால் இந்நேரம் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். ஆனால் பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறதே. நாம் விட்டதை அது பிடித்துவிட்டால் ராத்திரி சோறு இறங்குமா?

குழாயின் முனையை வளைத்து, வந்த வழியையே திரும்பிப் பார்த்தார். ஒரு மடிப்பை விலக்கினார். அதன் மறைவில், சுண்டுவிரல் நகமளவுக்கு வெளிறிய ஒரு திட்டு இருந்தது. விளக்கை நீல ஒளிக்கு மாற்றினார். திட்டின் விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அவருக்குத் திக்கென்றது. கூடவே, வெட்கமில்லாமல், கொஞ்சம் குஷியும் வந்தது.

"சிஸ்டர், பெட்டி கத்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"கட்டம் போட்டுச்சா?"

"போடலியே டாக்டர்."

"நீங்கதான் சாட்சி. துணுக்கு எடுக்கற கொறடைக் குடுங்க."

வழக்கமாக முடிவைப் போனில் சொல்லும் மனைவி, அந்த வாரக் கடைசியில் மாடியேறி எண்டோஸ்கோப்பி அறைக்கே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சிஸ்டர் ஒரு மூலையில் துணிகளை மடித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கேன்சர்தாங்க. ஆனா ரொம்ப ஆரம்பம். மேல்சவ்வைத் தாண்டல. குழாய் வழியாவே சுரண்டி எடுத்துடலாம், வயித்தைக் கிழிக்கவே வேண்டாம். மனுஷன் பழையபடி பஸ் ஓட்டலாம்."

மறுவருஷம் திரும்பி வந்த அந்த இன்னொருவரின் முகம் டாக்டரின் கண்முன்னால் வந்து நின்றது. "இவரையும் அன்னைக்கு மாதிரி அனுப்பியிருந்தேன்னா..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அனுப்பலியே" என்றாள் அவள். அவர் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தாள். அவர்கள் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் டாக்டருக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு பெட்டியைச் சுட்டிக்காட்டினார்.

"இப்பவாவது ஒத்துக்கோ. எவ்வளவு பெரிய விஷயம், அது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துச்சு. மனுஷன் கண்ணு முன்னால மெஷின் எல்லாம் சும்மா. முதல்ல கம்பெனிக்குப் போன் போட்டு இதைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

மனைவி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் அவசர அவசரமாக, ஏற்கெனவே மடித்துவைத்திருந்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். கடைசியில் மனைவியே சொன்னாள்:

"உள்ள இருந்த மெஷினை அவங்க ரிப்பேருக்குக் கழட்டிட்டுப் போய் ஒரு மாசமாச்சுங்க, இங்க எரியறது வெறும் லைட்டுதான்."