நம்பி ஒப்படைத்த வழக்கு

"ஏங்க, அவன் என் தம்பிதான், இல்லேங்கல. அதுக்காக இந்தக் கேஸைப் போயி அவன்கிட்டயா கொடுப்பீங்க?"

நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு மனைவி பல்லைக் கடித்தாள். கான்ட்ராக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குடும்பத்துலயே ஒருத்தன் கறுப்புக் கோட்டு போட்டிருக்கறப்ப வெளியாளைத் தேடினா நல்லாவா இருக்கும்?"

"அவன் இதுவரைக்கும் ஒரு கேஸாவது ஜெயிச்சிருக்கானா? போன தடவை குறுக்கு விசாரணை பண்றேன்னு, தன் தரப்புச் சாட்சியையே அழ வச்சவன். வீட்டை அடமானம் வச்சு டெண்டருக்கு டெபாசிட் கட்டியிருக்கோம், ஞாபகம் இருக்குல்ல?"

"அது எப்படி மறக்கும்?" என்றார் கான்ட்ராக்டர். அதை மனதாரச் சொன்னார்.

விஷயம் இதுதான். மூன்று மாடி அரசு மருத்துவமனை ஒன்றைக் கட்டும் டெண்டரில், எல்லோரையும்விடக் குறைந்த தொகை குறிப்பிட்டு வேலையைப் பிடித்திருந்தார் நம் கான்ட்ராக்டர். அந்த விலைக்கு யாராலும் கட்ட முடியாது, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்று டெண்டரில் இரண்டாவதாக வந்தவர் வழக்குப் போட்டுவிட்டார். அவருக்காக வாதாட வந்தவர் ஊரிலேயே பெரிய வக்கீல். அவர் உள்ளே நுழைந்தால் பெஞ்சுகள்கூட எழுந்து நிற்கும் என்பார்கள்.

மைத்துனன் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு ஓடி வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாமா, ஒரு வாரமாத் தூங்கல. ஊரே என்னைக் கேலி பண்ணுது. நீங்க ஒருத்தர்தான் நம்பி ஒப்படைச்சீங்க. உசுரைக் கொடுத்தாவது ஜெயிச்சுக் காட்டறேன்."

"அவ்வளவெல்லாம் மெனக்கெடாத மாப்ள," என்றார் கான்ட்ராக்டர் பதறிப்போய். "உடம்பைப் பாத்துக்கோ."

உள்ளே பெரிய வக்கீல் வெளுத்து வாங்கினார். சிமென்ட் விலை, கம்பி விலை, கூலி என்று அடுக்கி, இந்தத் தொகைக்கு ஆஸ்பத்திரி என்ன, அதன் வாசற்படிகூட எழும்பாது என்றார். கான்ட்ராக்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மைத்துனன் எழுந்தான். அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு எங்கிருந்துதான் வேகம் வந்ததோ, பிடித்துக்கொண்டான்.

"ஐயா, யாருக்கு வேலை கொடுக்கணும்கறது துறையோட முடிவு. அந்த முடிவை எடுத்த முறை ஒழுங்கா இருக்கான்னு மட்டும்தான் கோர்ட் பார்க்கும். டெண்டரை எல்லார் முன்னாடியும்தான் பிரிச்சாங்க. விலையைக் குறைச்சுக் கேட்டதைத் தவிர என் கட்சிக்காரர் செஞ்ச குத்தம் என்ன?"

நீதிபதி கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "இந்தத் தொகைக்கு உங்களால கட்ட முடியுமா?"

கான்ட்ராக்டர் எழுந்து தொண்டையைச் செருமினார். "ஐயா, அது வந்து... கொஞ்சம் கஷ்டம்தான்..."

"கஷ்டப்பட்டாவது மக்களுக்காகக் கட்டித் தருவார், ஐயா," என்று மைத்துனன் முடித்து வைத்தான்.

நீதிபதியின் முகம் கனிந்தது. வழக்கு தள்ளுபடி. நாட்டுக்கு இப்படிப்பட்ட ஒப்பந்ததாரர்கள்தான் தேவை என்று ஒரு பாராட்டு வேறு.

வெளியே வந்ததும் மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்களைப் போயித் தப்பாப் பேசிட்டேங்க," என்று கணவரிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்ல அக்காவும் தம்பியும் வாசல் பக்கம் போனார்கள். கான்ட்ராக்டர் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

வழக்குப் போட்டுத் தோற்றவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"என்னைத் தப்பா நினைக்காதீங்கண்ணே. நீங்க கொடுத்த பணத்துக்கு ஊர்லயே பெரிய வக்கீலாத்தான் வச்சேன்."

"நீ என்னப்பா பண்ணுவ. நானா விலகினா டெபாசிட் போயிடும், கோர்ட்டே ரத்து பண்ணிட்டா முழுசாத் திரும்பி வந்துடும்னு பார்த்தேன்."

"அது சரிண்ணே. ரெண்டு மாடி ஸ்கூலுக்குப் போட்ட பழைய எஸ்டிமேட்டை அவசரத்துல அப்படியே எடுத்து எழுதிட்டீங்க. இப்ப அந்த மூணாவது மாடியை எதை வச்சுக் கட்டப் போறீங்க?"