காலை எடுக்காதே

அவன் பிக்கப் வண்டிக்கு அடியில் நுழைந்து முப்பத்தோரு நிமிடம் ஆகியிருந்தது. மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வண்டியின் இரும்பு. துரு கண்ணில் விழாமலிருக்க முகத்தில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலிலிருந்து சாலை வரை தரை சரிவாக இறங்கியது. வண்டி அந்தச் சரிவில் நின்றது. டிரைவர் சீட்டில் அவன் மனைவி, வலது காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி.

"கால் மரத்துப் போச்சுங்க. இன்னும் எவ்வளவு நேரம்?"

"காலை மட்டும் எடுத்துடாத. ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து கிடக்கு. எடுத்தேன்னா அப்புறம் என் போட்டோகிட்டதான் சண்டை போடணும்."

"பதினொன்னு நாற்பதுக்கு பஸ்."

"தெரியும்மா. கட்டிட்டு நானே ஸ்டாப்புல கொண்டுபோய் விடறேன்."

அவள் பெட்டி பக்கத்து சீட்டில் இருந்தது. நகரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. இன்று நான்கு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர இந்த ஒரு பஸ்தான் உண்டு.

கேபிள் அறுந்திருக்கவில்லை. மூன்று நாளைக்கு முன்புதான் அவன் புதிது மாற்றியிருந்தான்.

போகாதே என்று சொல்ல நான்கு மாதமாக அவனுக்கு வாய் வரவில்லை. போகட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, இன்று காலை இங்கே வந்து படுத்துக்கொண்டான். அவ்வப்போது ஸ்பானரால் எதையாவது தட்டினான்.

பொய் நம்பும்படி இருக்கவேண்டும் என்று ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கியரையும் நியூட்ரலில் விட்டிருந்தான். ஆகவே வண்டியை அவன்மேல் ஏறாமல் பிடித்து வைத்திருந்தது உண்மையிலேயே அவளுடைய கால்தான். புரண்டு படுக்கவும் இடமில்லை. முழங்காலுக்குக் கீழே எறும்பு கடித்தது, கை எட்டவில்லை.

"சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தா நான் இறங்கிக்கலாமே?"

"கல்லு வெச்சா ஆகாது. கேபிள் மாட்டும்போது சக்கரம் லேசா சுத்தணும்."

"நான் பிரேக்கை அழுத்திக்கிட்டு இருந்தா சக்கரம் எப்படிங்க சுத்தும்?"

துணிக்குள் அவனுக்கு வேர்த்தது. "அது வேற, இது வேற. உன் லேபுக்கு வந்து நான் ஏதாவது யோசனை சொல்றேனா?"

பக்கத்து மரப்பட்டறையில் அறுக்கும் மெஷின் கத்தத் தொடங்கியது. அது ஓய்ந்தபோது சீட்டில் இருந்த அவன் போன் அடித்தது.

"யாரு?"

"தெரிஞ்ச நம்பர்தான். நான் பார்த்துக்கறேன்."

மறுபடியும் மெஷின் கத்தியது. இம்முறை நீளமாக. அவன் ஸ்பானரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, துணியை ஒதுக்கி வாட்சைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தைந்து.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"கால்?"

"இப்ப பரவாயில்ல."

குரல் அடைத்தாற்போல் இருந்தது. தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல. அழுகிறாளோ என்று நினைத்தான். துணியை மறுபடி முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான்.

தெருமுனை ஸ்டாப்பில் பஸ் உறுமியது. வாசலைக் கடக்கும்போது ஹாரன் இரண்டு முறை கேட்டது. சாலையிலிருந்து ஒன்று, ஒரு நொடி தள்ளித் தலைக்கு மேலே இன்னொன்று. தகரக் கேட்டில் பட்டுத் திரும்பும் எதிரொலி என்று நினைத்துக்கொண்டான்.

சத்தம் தேய்ந்து மறைந்தது. அவன் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் எழுந்து வெளியே போக உடம்பு வரவில்லை. போனால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"பஸ் போயிடுச்சு," என்றான்.

"ம்."

"அழறியா?"

"இல்லைங்க."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். துணிக்குள் இருட்டாக இருந்ததால் பேச முடிந்தது.

"கேபிள் அறுந்து போகல. பொய்தான் சொன்னேன். வேலை முடிஞ்சு வந்து, நானே பூட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட்டு... அதை நினைச்சாலே என்னால முடியல. சொல்லத் தெரியாம இதுக்குள்ள வந்து படுத்துக்கிட்டேன்."



"இதை நாலு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா?"

"உட்கார்ந்து பேசியிருப்போம்."

"இப்ப பேசலாம். நான் வெளிய வந்துடறேன். அதுவரைக்கும் காலை எடுத்துடாத."

"பயப்படாம வாங்க. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, உங்க போனை ஸ்பீக்கர்ல வெச்சுட்டுத்தான் வந்தேன்."

"வந்தேன்னா? எங்க வந்த?"

"ஒரு நிமிஷம் இருங்க. கண்டக்டர் வர்றாரு."