குவெயின்ட் கட்டில்

புத்தம் புதுக் கட்டிலை லாட்ஜ்காரர் சங்கிலியால் விளாசிக்கொண்டிருந்தார். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் மனைவியோ பக்கத்தில் நின்று, இந்தக் காலில் இன்னும் நாலு போடுங்கள் என்று எடுத்துக்கொடுத்தாள்.

எல்லாம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் வந்த வினை. எதிர் லாட்ஜை யாரோ 'குவெயின்ட்' என்று இன்டர்நெட்டில் எழுதிவிட்டுப் போக, அங்கே மூன்று மாதமாக அறை காலியில்லை. இங்கே எட்டு அறைகளிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த சீசனும் போனால் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மகளிடம் போனில் அர்த்தம் கேட்டார்கள்.

"பழசா இருந்தா மட்டும் போதாதுப்பா. இந்தக் காலத்துல இப்படியும் ஒண்ணான்னு லேசா சிரிப்பு வரணும், விட்டுட்டுப் போக மனசும் வரக்கூடாது. ஓட்டை பஸ்ஸை யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"அப்ப உங்கப்பா பாதி தேறிட்டாரு. சிரிப்பு வருது," என்றாள் அம்மாக்காரி.

பயணக் கட்டுரை எழுதும் ஒருவர் அந்த வாரம் வருகிறார் என்று துப்புக் கொடுத்ததும் மகள்தான். அடிபட்ட கட்டிலுக்கு டீத்தண்ணீர் பூசி, வெயிலில் காயவைத்து, முதல் அறையில் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒருவர் நோட்டும் கையுமாக வந்து அறை கேட்டார். இவர்தான் அந்த எழுத்தாளர் என்று லாட்ஜ்காரர் ஓடிப்போய் முதல் அறையைத் திறந்துவிட்டார். வந்தவர் ஜன்னல், திரைச்சீலை எதையும் பார்க்கவில்லை. கட்டிலைத் தடவினார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், சப்பையான பென்சிலால் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கொள்ளுத்தாத்தா கல்யாணத்துக்குச் செய்த கட்டில் என்று லாட்ஜ்காரர் கூசாமல் அவிழ்த்துவிட்டார். மனைவி ஒரு படி மேலே போய், இவர் பிறந்ததே இதில்தான் என்றாள். வந்தவர் அடடா, அடடா என்று தலையை ஆட்டினார்.

லாட்ஜ்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சார், குவெயின்ட்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிடுங்க. எங்க பொழப்பே அதுலதான் இருக்கு."

வந்தவர் அறைக்கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எழுதுறவன் நான் இல்ல சார், நான் தச்சன். எதிர் லாட்ஜ் கட்டிலையெல்லாம் பழசாக்கினது நான்தான், எனக்கே இவ்வளவு அசலா வரல."