நாடாப் பக்கம்

அந்தக் காலத்துக் கூடைப்பந்தை ஷூவைப் போல நாடா போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த முடிச்சில் விரல் பதிந்தால்தான் லாசருக்குக் குறி தப்பாது. ஒரே கிளப்பில் ஒன்பது வருஷமாகப் பரஞ்சோதி, நாடா அவன் விரலில் படும்படி திருப்பிப் பிடித்துத்தான் அவனுக்குப் பந்து போட்டான். இருவரும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள்; இந்த வருஷம் லாசரை வேறு கிளப் இழுத்துக்கொண்டது. சீசன் முடிந்து நடந்த கோப்பைப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் இருவரும் எதிரெதிர் அணி. பரஞ்சோதியின் அணி ஒரு பாயிண்ட் முன்னால். ஐந்து விநாடிதான் பாக்கி, பந்தும் அவன் கையில். அணைத்துக்கொண்டு நின்றாலே கோப்பை. கூடையடியில் நின்ற லாசர் பழக்கதோஷத்தில் பந்து கேட்டு இடக்கையைத் தூக்கினான். பரஞ்சோதியின் பாழாய்ப்போன கை நாடாவைத் திருப்பி, பந்தை அவனிடமே போட்டுவிட்டது. லாசர் விக்கித்துப்போய் அவனையே பார்த்தான்.

“என் மூஞ்சியில என்னடா இருக்கு? கூடையப் பாத்துப் போடுடா மாப்ள!” என்று கத்தினான் பரஞ்சோதி.