தேன் நிறச் சுறாப்பல்

“இந்தக் கடற்கரையில கிடைச்ச பல்லுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கைகூப்பி நின்றவளைப் பல்டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அருங்காட்சியகத்தில் அவருக்கு அப்படித்தான் பெயர். லட்சக்கணக்கான வருடங்களுக்கு முன் செத்த சுறாக்களின், கல்லாகிப்போன பற்களை அடையாளம் சொல்வது அவர் வேலை. ‘என் நோயாளிங்க யாரும் வலிக்குதுன்னு கத்தறதில்ல’ என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்று சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து மழை. எதிரே நின்றவளின் முகமும் அந்த வானத்தைப் போலவே இருந்தது.

“எங்க ஒரே பொண்ணு தவறிப்போனதுலேருந்து வீடு வீடா இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்துட்டாரு. சாப்பாடு இல்ல, பேச்சு இல்ல. ஒருநாள் கையைப் பிடிச்சு இழுத்துக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். காலடியில ஒரு கறுப்புப் பல்லு. குனிஞ்சு எடுத்தாரு. அன்னிக்குத்தான் ரெண்டு வாய் சாப்பிட்டாரு.”

“அப்புறம்?”

“மறுநாள் ஒண்ணும் கிடைக்கல, மறுபடி படுத்துட்டாரு. அதான் நானே கடையிலேருந்து பல்லு வரவழைச்சு, அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள போய் மணல்ல புதைச்சுட்டு வர்றேன். இந்தத் தடவை கறுப்பு தீர்ந்துபோச்சுன்னு கடைக்காரன் வேற நிறத்தை அனுப்பிட்டான். உங்ககிட்ட காட்டியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னு என்னையும் இழுத்துட்டு வந்துட்டாரு. கீழே திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்த்துட்டு இருக்காரு. கடைப்பல்லுன்னு தெரிஞ்சா, மறுபடி எழுந்திரிக்கவே மாட்டாரும்மா.”

மாடிப்படியில் காலடிச் சத்தம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய படத்தைப் பார்ப்பவள்போல் திரும்பி நின்றாள்.

“இங்கதான் இருக்கியா? உன்னை எங்கெல்லாம் தேடறது!” என்றபடி வந்த மனிதர், சட்டைப் பையிலிருந்து பல்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பல்டாக்டரம்மா பூதக்கண்ணாடியை எடுத்தார். தேன் நிறம். இந்தக் கரையின் பற்கள் நிலக்கரிபோல் கறுத்திருக்கும். அலையில் உருண்டு உருண்டு கூர் மழுங்கியிருக்கும். இதன் ஓரத்திலோ ரம்பக்கூர் அப்படியே இருந்தது. பார்த்த மாத்திரத்தில் பொய் தெரியும் பல்.

“நம்ம கரையோடதுதானாம்மா?”

இத்தனை வருட வேலையில் அவர் ஒரு கல்லைப் பற்றிக்கூடப் பொய் சொன்னதில்லை. அவள் விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தன. ‘கடவுளே, இந்த ஒன்றை மன்னித்துவிடு’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

“நம்ம கரையோடதுதான். இந்த நிறம் ரொம்ப அபூர்வம். விடாம தேடுங்க.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “கீழே குடையை வச்சுட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வர்றேன்” என்று அவசரமாக வெளியேறினாள். அழத்தான் போகிறாள் என்று பல்டாக்டரம்மாவுக்குப் புரிந்தது.

அவள் படியிறங்கும் சத்தம் தேயும்வரை அந்த மனிதர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“ரொம்ப நன்றிம்மா. இது கடைப்பல்லுன்னு எனக்குத் தெரியும். மணல்ல புதைக்கிறது அவதான்னும் தெரியும். நிறம் மாறினதைக் கேட்காம விட்டா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்; அதான் உங்ககிட்ட வந்தேன், அவ முதல்ல பேசட்டும்னு கீழேயே நின்னேன்.”

பல்டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தெரிஞ்சுமா...? அப்புறம் எதுக்கு இதெல்லாம்?”

“பொண்ணு போன அன்னிக்குப் படுத்தது நான் இல்லம்மா, அவதான். டாக்டர், மருந்து, வேண்டுதல், எதுக்கும் எழுந்திரிக்கல. வேற வழி தெரியாம நானும் பக்கத்துல படுத்துக்கிட்டேன். என்னைத் தேத்தறதுக்குன்னுதான் அவ எழுந்தா.”