சேதம் பார்க்க வந்த அதிகாரி

"மீசை சரியா ஒட்டியிருக்கா பாருவே. மழைத் தண்ணி பட்டா பசை விட்டுரும்" என்றார் பிச்சுமணி.

ஞானதுரை உற்றுப் பார்த்தான். "நல்லா ஒட்டியிருக்கு. உதட்டை மட்டும் ரொம்ப அசைக்காதீங்க."

"உதட்டை அசைக்காம எப்படிவே உத்தரவு போடுறது?"

புயல் ஓய்ந்தாலும் சிற்றாற்று வெள்ளம் வடியவில்லை. திருநெல்வேலிச் சாலை அறுந்து கிடந்தது. இந்த நிலையில் எந்த அதிகாரியும் இப்போதைக்குத் தென்காசிக்கு வர வழியில்லை. சைக்கிள் கடை ஞானதுரை, ஊர் இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு, குற்றாலத்தில் சீசன் முடிந்து பூட்டிக் கிடந்த பங்களாக்களைத் திறக்கச் சொல்லி, வீடு இழந்தவர்களை அங்கே தங்க வைத்திருந்தான். வீட்டுக்கு வீடு வாங்கிய அரிசியில்தான் இதுவரை கஞ்சி காய்ச்சினார்கள். இன்று காலையோடு அதுவும் தீர்ந்துவிட்டது.

மிச்சம் இருந்தது மில் முதலாளி ஆவுடைநாயகத்தின் அரிசி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி ஒன்றுதான். நேற்றே போய்க் கேட்டாயிற்று.

"அரிசி எனக்கு மட்டும் பாத்தியப்பட்டது இல்லடே. எங்க அண்ணனும் கூட்டு. கவர்மெண்ட் ஆபீசர் வந்து, சேதத்தைப் பாத்து, உத்தரவு போட்டா திறக்கேன். இல்லன்னா ஒரு குருணை நகராது" என்று சொல்லிவிட்டு மனிதர் உள்ளே போய்விட்டார்.

அதிகாரிக்கு எங்கே போவது? பங்களாவில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிச்சுமணியைப் பார்த்ததும்தான் ஞானதுரைக்கு மூளை வேலை செய்தது. அவர் நாடகக் கம்பெனியின் ராஜபார்ட். தென்காசியில் ஒரே ஒரு ஆட்டம் போட்டார்கள். மறுநாளே கொட்டகையைப் புயல் கொண்டுபோய்விட்டது. உடுப்புப் பெட்டியில் துரை வேஷத்துக் கோட்டு, கால்சட்டை, பூட்ஸ், தொப்பி, ஒட்டுமீசை மட்டும் நனையாமல் பிழைத்திருந்தன.

"மாட்டுனா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்" என்றார் பிச்சுமணி, கோட்டை மாட்டிக்கொண்டே.

"பிள்ளைகள் பசியில கெடக்கு. எண்ணிக்கிடுவோம்."

அதிகாரி தெருவில் இறங்கியதுமே ஊர் திரண்டுவிட்டது. கஞ்சி காய்ச்சும் சொக்கம்மாள் ஓலைப் பெட்டியோடு முன்னால் ஓடி வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது; கோட்டும் மீசையுமாக நின்றவரை அடையாளமும் தெரியவில்லை. "ஐயா, நீங்க நல்லாயிருக்கணும்! பச்சைப் பிள்ளைகள்லாம் வெறும் தண்ணியைக் குடிச்சிட்டுக் கெடக்கு" என்று கும்பிட்டாள். பிச்சுமணி இடிந்த சுவர்களைப் பிரம்பால் தட்டித் தட்டி, "முழுச் சேதம்! இதுவும் முழுச் சேதம்!" என்று முழங்கியபடி நடந்தார். வேஷம் கட்டினால் அவரைக் கையில் பிடிக்க முடியாது போலிருக்கிறது.

மில் வாசலில் ஆவுடைநாயகம் நின்றிருந்தார். தொப்பி முதல் பூட்ஸ் வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஐயா எங்கன இருந்து வாரீக?"

"புயல் சேதம். ஸ்பெஷல் டூட்டி."

"ஜீப்பைக் காணலையே?"

"ஆத்துக்கு அக்கரையில நிக்குது. கயித்தைப் பிடிச்சு நீந்தித்தான் வந்தேன்."

ஆவுடைநாயகம் குனிந்து, மொடமொடவென்று காய்ந்திருந்த கால்சட்டையைப் பார்த்தார். "ஓகோ" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. மீசையின் இடது ஓரம் மெல்லத் தூக்கியது. ஆவுடைநாயகம் விறுவிறுவென்று உள்ளே போனார். தொலைந்தோம், போலீசுக்கு ஆள் அனுப்பத்தான் போகிறார் என்று ஞானதுரை கர்த்தரைக் கூப்பிட்டான்.

திரும்பி வந்தவர் கையில் குடை இருந்தது. அதை விரித்து, தானே அதிகாரியின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். கூட்டம் வாயைப் பிளந்தது. ஆவுடைநாயகம் யாருக்கும் குடை பிடித்து ஊர் பார்த்ததில்லை.

"இப்பம் உத்தரவைப் போடுங்க. என் காதுல மட்டும் சொன்னாப் பத்தாது. ஊரே கேக்கணும், உரக்கச் சொல்லுங்க."

கேட்க வேண்டுமா? பிச்சுமணி மார்பை நிமிர்த்தி, கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில், "வீடிழந்த மக்களின் பசி தீரும்வரை, இந்தக் கிட்டங்கியின் கதவுகள் திறந்தே இருக்கட்டும்! இது அரசாங்கத்தின் ஆணை!" என்றார். எந்த அதிகாரி இப்படிப் பேசுவான்? ஞானதுரை கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"எல்லாரும் கேட்டீகள்லா? நீங்கதான் சாட்சி" என்ற ஆவுடைநாயகம், மடியிலிருந்து சாவியை எடுத்து வீசினார். "ஏலே, திறங்கலே!"

அதற்குப் பிறகு அங்கே திருவிழாதான். மூட்டைகள் தோளுக்குத் தோள் தாவின. வண்டி மாடுகள் குற்றாலத்தைப் பார்த்து ஓடின. சொக்கம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். ஞானதுரைக்கும் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிச்சுமணியைக் கடைசி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவனும் மெல்ல நழுவப் பார்த்தான்.

"ஏலே ஞானதுரை, நில்லு."

ஆவுடைநாயகம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இலஞ்சியில எங்க அண்ணன் கிட்டங்கியில இதைப் போல ரெண்டு பங்கு அரிசி கெடக்கு. நாளைக்குக் காலையில ஆபீசரை அங்கன கூட்டிட்டுப் போ."

ஞானதுரை தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி... அவரு வந்து..."

"பயப்படாத. எங்க அண்ணன் என்னைப் போல நாடகக் கொட்டகையில முன் வரிசையில உக்காருத ஆளு இல்லடே."